படுத்ததும் மனம் ஓட ஆரம்பித்தால்: எழுதுவதா, மூச்சா, எழுந்து போவதா, மாத்திரையா?

விளக்கை அணைக்கும் வரை ஒன்றும் இருக்காது. தலையணையில் தலை வைத்த பிறகுதான் பிள்ளைக்குக் கட்ட வேண்டிய கல்விக் கட்டணம், மேலாளர் போகிற போக்கில் சொன்ன ஒரு சொல், அம்மாவின் சர்க்கரை அளவு, ஊரில் முடியாமல் கிடக்கும் நிலத் தகராறு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். மூச்சை இழுத்து விடு என்பார் ஒருவர். எல்லாவற்றையும் எழுதிவிடு என்பார் இன்னொருவர். தெரிந்த மருந்துக்கடையில் அரை மாத்திரை வாங்கிப் போடு என்பவரும் உண்டு. வாசகர்கள் பலர் கேட்பது இதைத்தான்: இத்தனை வழிகளில் எனக்கு எது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டதையெல்லாம் ஒரே இரவில் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பவர்களுக்கு எதுவுமே பலன் தருவதில்லை. பத்து நிமிடம் மூச்சு, வரவில்லை என்றதும் பாட்டு, அதுவும் இல்லை என்றதும் போன் என்று போனால், தூங்க முயல்வதே அந்த இரவின் முழுநேர வேலையாகிவிடும். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது எந்த வகை எண்ணம் என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் விடாமல் செய்வதுதான் வழி.

## ஏன் இரவில் மட்டும்?

பகலில் கவலை வந்தாலும் அடுத்த வேலை அதைத் தள்ளிவிடும். படுக்கையில் தள்ளிவிட ஒன்றும் இல்லை. தூக்கமின்மையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஆலிசன் ஹார்வி 2002ல் இதை ஒரு சுற்றாக விளக்கினார். கவலை வந்ததும் உடல் விழிப்பு நிலைக்குப் போகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. அதைக் கவனித்ததும் "இன்றைக்கும் தூங்க மாட்டேன் போலிருக்கே" என்ற இரண்டாவது கவலை பிறக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம். மணி ஒன்று. காலை ஆறுக்கு எழ வேண்டும், ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு உடலை இன்னும் விழிக்க வைக்கிறது.

இதில் பல பேர் கவனிக்கத் தவறுவது அந்த இரண்டாவது கவலையைத்தான். கல்விக் கட்டணக் கவலை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். தூக்கம் வராதே என்ற கவலை ஒட்டிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும், அது முதல் கவலைக்கா, இரண்டாவதற்கா என்று கேட்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாம்.

1. எந்த வகை எண்ணத்துக்குப் பொருந்தும்? முடிக்காத வேலைகள், திரும்பத் திரும்ப ஓடும் பழைய பேச்சு, உடல் படபடப்பு, தூக்கம் வராதே என்ற பயம் ஆகிய நான்கும் வேறு வேறு.
2. பலன் எப்போது தெரியும்? இன்றிரவா, இரண்டு வாரத்திலா?
3. நம் வீட்டில் நடக்குமா? தனி அறை, தனிக் கட்டில் என்று வைத்துத்தான் பெரும்பாலான அறிவுரைகள் எழுதப்படுகின்றன. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் அவற்றில் பாதி நடக்காது.
4. மறைந்திருக்கும் விலை என்ன? பணம் மட்டுமில்லை, மறுநாள் மந்தம், பழக்க அடிமை, கூடிப்போகும் பயம் எல்லாம் விலைதான்.
5. நாளாக நாளாக அதன் தேவை குறைகிறதா, கூடுகிறதா? நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். நல்ல வழி சில மாதங்களில் தேவைப்படாமல் போய்விடும். எது இல்லாமல் தூங்கவே முடியாது என்ற நிலைக்கு நம்மைக் கொண்டுவிடுகிறதோ, அது எவ்வளவு இதமாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

| வழி | எதற்குப் பொருத்தம் | பலன் தெரிய | பலர் படுக்கும் அறையில் | மறைந்த விலை | நாளடைவில் தேவை |
|---|---|---|---|---|---|
| எழுதி வைப்பது | முடிக்காத வேலை, பணக் கவலை | அன்றிரவே ஓரளவு | படுக்கும் முன்பே முடியும் | படுக்கையில் எழுதினால் கவலை கூடும் | குறையும் |
| மெதுவான மூச்சு | படபடப்பு | பழகிய பின் சில நிமிடம் | யாருக்கும் தெரியாது | எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பதறுவது | குறையும் |
| தசை தளர்த்தல் | உடல் இறுக்கம் | ஒன்றிரண்டு வாரம் | செய்யலாம் | பயிற்சிக்கு நேரம் | குறையும் |
| காட்சி, ஜபம், சொல் விளையாட்டு | சுழலும் பேச்சு | அன்றிரவே | யாருக்கும் தெரியாது | பெரிதாக இல்லை | பெரும்பாலும் குறையும் |
| எழுந்து போவது | தூக்கம் வராதே என்ற பயம் | இரண்டு முதல் நான்கு வாரம் | சிரமம், ஆனால் முடியும் | முதல் வாரம் களைப்பு | குறையும் |
| போன் | எதற்கும் இல்லை | உடனே மறக்கடிக்கும் | வெளிச்சம், சத்தம் | தூங்கும் நேரம் தள்ளிப்போவது | கூடும் |
| மாத்திரை | மருத்துவர் சொல்லும் குறுகிய காலம் | அன்றிரவே | தடையில்லை | அடிமையாதல், விழுதல், மறதி | கூடும் |
| முறையான நடத்தைச் சிகிச்சை | மூன்று மாதம் தாண்டியது | நான்கு முதல் எட்டு வாரம் | திட்டமிட்டால் முடியும் | தொடக்கத்தில் தூக்கம் குறைவது | குறையும் |

இவற்றில் எதையும் தொடங்கும் முன் மாலைக் காபியைக் கொஞ்சம் பாருங்கள். குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு அதைவிட அதிகமாகும். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டுப் பதினோரு மணிப் படபடப்பைக் கவலை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

## எழுதி வைப்பது

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 2018ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதில் முக்கியமானது. 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஏதாவது எழுத வேண்டும். ஒரு குழு வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதியது. இன்னொரு குழு ஏற்கெனவே செய்து முடித்தவற்றை எழுதியது. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

அந்தக் கடைசி விவரம்தான் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது. "பேங்க் வேலை" என்று இரண்டு சொல் எழுதினால் மனம் அதை விடாது. "வியாழன் காலை பத்து மணிக்கு வங்கிக்குப் போய் நகைக் கடன் வட்டி எவ்வளவு என்று கேட்க வேண்டும், ரசீது பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது" என்று எழுதினால் விட்டுவிடும். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுதிய இடம் தெரிந்தால் அந்தப் பயம் தணியும்.

தீர்வு இல்லாத கவலைகளுக்குப் பட்டியல் போதாது. வெளிநாட்டில் இருக்கும் மகனை நினைத்து வரும் பயத்துக்கு "வியாழன் காலை" என்று ஒன்றும் எழுத முடியாது. அங்கே உதவுவது கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983ல் இதைச் சோதித்தார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் அதை அந்த அரை மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் கவலைப்படாதே என்று மனத்துக்குச் சொல்வதைவிட நாளைக்கு ஏழு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்வது எளிது. மாலை ஆறு முதல் எட்டுக்குள் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு என்று வைத்தால் படுக்கை நேரத்துக்கு மிக நெருங்கிவிடும்.

விலை எங்கே வருகிறது? படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, மனத்தில் ஓடுவதையெல்லாம் பக்கம் பக்கமாக நள்ளிரவு வரை எழுதினால் அது கவலையைக் கிளறும். உணர்வுகளை எழுதுவதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அதைப் பகலில் செய்யுங்கள். போனில் எழுதுவதும் வேண்டாம். குறிப்பு எழுதத் திறந்த கை அடுத்த நொடி வாட்ஸ்அப்பில் இருக்கும். பழைய நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால், எழுதி முடித்துக் கிழித்துப் போடுங்கள். அடுத்த நாள் வேலைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

யாருக்கு இது முதல் தேர்வு: வீட்டுக் கணக்கையும் வேலையையும் தலையிலேயே சுமப்பவர்கள். நான் பார்த்தவரை இதில் பெண்களே அதிகம். நாளைய டிபனிலிருந்து மாமனாரின் மருந்து வரை எல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கும்.

## மூச்சும் தசையும்

இரண்டும் உடல் வழியாக மனத்தை அடைபவை. எண்ணம் என்ன என்று இவை கேட்பதில்லை. அதனால் காரணமே தெரியாமல் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு இவை பொருந்தும்.

மூச்சில் வேலை செய்வது நிதானமும், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீண்டிருப்பதும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு வேகம் குறைந்தால் இதயத் துடிப்பும் தணிய ஆரம்பிக்கும். நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வைல் பரப்பினார். அவரும் பிராணாயாமத்திலிருந்து எடுத்ததாகவே சொல்கிறார். எல்லாருக்கும் அது சரிவராது. மூச்சை நிறுத்தும்போது சிலருக்குத் திணறல் வந்து பயம் கூடும். அவர்கள் நிறுத்தவே வேண்டாம். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும். பீதித் தாக்குதல் வந்த அனுபவம் உள்ளவர்கள், தன் மூச்சைத் தானே கவனிப்பதே பதற்றம் தருகிறது என்றால் தசைப் பயிற்சிக்குப் போய்விடுவது நல்லது.

தசைப் பயிற்சி அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் நூறு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கியது. பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசைத் தொகுதியாக ஐந்து நொடி இறுக்கி, அப்படியே விட்டுவிட்டு, இருபது நொடி அந்தத் தளர்வைக் கவனிப்பது. கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், தாடை என்று மேலே வர வேண்டும். பகல் முழுதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது தாடைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியும். சவாசனமும் யோக நித்திரையும் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்கள் இறுக்காமல் தளர்த்துவதை மட்டும் செய்யலாம்.

இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: பகலிலும் பழக வேண்டும். மதியம் பத்து நிமிடம் பழகாமல், பதறும் நள்ளிரவில் முதன்முதலாகச் செய்தால் எதுவும் நடக்காது. "செய்தேனே, தூக்கம் வரவில்லையே" என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும். மூச்சுப் பயிற்சியைத் தூங்குவதற்கென்று செய்யாமல் உடலைத் தளர்த்துவதற்கென்று செய்பவர்களுக்கே அது தூக்கத்தையும் கொடுக்கிறது.

## மனத்துக்கு வேறு வேலை கொடுப்பது

நினைக்கக் கூடாது என்று தீர்மானிப்பது உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987ல் நடத்திய சோதனை புகழ்பெற்றது. நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பிறகு அதுவே கூடுதலாக வந்தது. ஆகவே விரட்டுவதற்குப் பதில் வேறொன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

எதைக் கொடுப்பது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. முன்பு சொன்ன ஆலிசன் ஹார்வி 2002ல் செய்த இன்னொரு ஆய்வில், இதமான ஒரு காட்சியை விவரமாகக் கற்பனை செய்தவர்கள், எந்த அறிவுரையும் தரப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாகச் சொன்னார்கள். விவரம் முக்கியம். "ஏதோ ஒரு கடற்கரை" என்றால் மனம் இரண்டு நொடியில் கட்டணத்துக்குத் திரும்பிவிடும். தாமிரபரணிப் படித்துறையில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை படி, கல் எங்கே வழுக்கும், தண்ணீர் எந்த அளவு குளிர்ச்சி, யார் துணி துவைக்கிறார்கள் என்று போனால் கவலைக்கு இடம் இருக்காது. நன்றாகத் தெரிந்த ஒரு தெருவில் கடைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடப்பதும் இதேபோல்.

கனடாவின் லூக் போடோயின் என்ற ஆய்வாளர் இன்னொரு முறையைச் சொல்கிறார். ஒரு சொல்லை எடுத்து, அதன் ஒவ்வொரு எழுத்திலும் தொடங்கும் பொருள்களை நினைத்து, ஒவ்வொன்றையும் ஒரு கணம் மனத்தில் பார்ப்பது. தமிழிலும் நன்றாகவே வரும். "மாதவி" என்றால் மாங்காய், மாடு, மாடிப்படி. பிறகு தண்ணீர்க் குடம், தவளை, தட்டு. பொருள்களுக்குள் தொடர்பு இல்லாமல் இருப்பதே இதன் சூட்சுமம். தொடர்பில்லாத காட்சிகள் ஓடுவது தூக்கத்தின் விளிம்பில் இயல்பாக நடப்பதற்கு நெருக்கமானது, கவலைக்கோ தொடர்ச்சி வேண்டும்.

கவசம் சொல்லிக்கொண்டும், ஜெபமாலை உருட்டிக்கொண்டும், திக்ர் செய்துகொண்டும் தூங்கிய தலைமுறைகள் நம்மிடம் உண்டு. மனப்பாடமான சொற்கள், நிதானமான தாளம், அதனோடு நீளும் மூச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. நம்பிக்கை உள்ளவர்கள் புதிதாக வேறு எதையும் தேட வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: முழுதும் சொல்லி முடிக்காமல் தூங்கினால் தவறு என்று பதறினால் அதுவே புதுக் கவலையாகிவிடும். நடுவில் தூங்கிப் போவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

யாருக்கு இது முதல் தேர்வு: பழைய சண்டையின் வசனங்களை மனத்துக்குள் மறுபடி மறுபடி பேசுபவர்கள். கைக்குழந்தை பக்கத்தில் இருப்பதால் அசைய முடியாத தாய்மார்கள்.

## எழுந்து போய்விடுவது

உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972ல் முன்வைத்த முறை இது. தூக்கமின்மைச் சிகிச்சைகளில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று. தூக்கம் வந்தால் மட்டும் படு. சுமார் பதினைந்து இருபது நிமிடத்தில் தூங்கவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போ. கண் சொக்கினால் திரும்பி வா. வராவிட்டால் மறுபடி எழு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழு. பகலில் தூங்காதே. படுக்கையில் தூக்கமும் தாம்பத்தியமும் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

தினமும் இரண்டு மணி நேரம் படுக்கையில் புரண்டு கவலைப்பட்டால், படுக்கையைப் பார்த்ததும் விழித்துக்கொள்ள உடல் கற்றுக்கொள்கிறது. ஹாலில் டிவி முன்னால் கண் சொக்கியவர் உள்ளே போய்ப் படுத்ததும் பளிச்சென்று விழிப்பது இதனால்தான். அந்தத் தொடர்பை அவிழ்க்க இதைவிட நேரடியான வழி இல்லை. இரண்டாவது கவலைக்கு, அதாவது தூக்கம் வராதே என்ற பயத்துக்கு, நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆனால் எழுந்து எங்கே போவது? தனி அறை இல்லாத வீட்டில் இது பெரிய கேள்வி. ஹாலில் மாமியார் படுத்திருப்பார். விளக்கைப் போட்டால் எல்லாரும் எழுந்து "என்னாச்சு, உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். இதைப் படுக்கும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். சமையலறையில் ஒரு ஸ்டூல், சின்ன இரவு விளக்கு, மடித்து வைக்காமல் எடுத்து வைத்த துணிக் குவியல். துணி மடிப்பதும் பூண்டு உரிப்பதும் கையை மட்டும் வேலை வாங்கும். பாயில் படுப்பவர்கள் பாயை விட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். முழுதாக வெளியேற முடியாதவர்கள், படுத்த இடத்திலேயே தூங்கும் முயற்சியைக் கைவிட்டு உட்கார்ந்துகொள்வதும் ஓரளவு உதவும். வீட்டாரிடம் பகலிலேயே, "ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்தால் பயப்படாதீங்க, தூக்கத்துக்கான பயிற்சி" என்று சொல்லிவிடுங்கள். கேள்விகளுக்குப் பயந்தே படுத்திருப்பவர்கள் நிறைய.

கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். இருபது நிமிடத்தை அளந்து பார்க்கக் கூடாது, தோராயம்தான்.

விலை: முதல் வாரம் களைப்பு. பகலில் கண் எரியும். இரண்டு சக்கர வண்டியில் நீண்ட தூரம் போகிறவர்கள், லாரி, பேருந்து ஓட்டுநர்கள், கூர்மையான இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். இரவில் எழுந்தால் தடுமாறும் முதியவர்களுக்கும் இது சரிவராது. வலிப்பு நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே நோயைத் தூண்டக்கூடும்; மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

எழ முடியாதவர்களுக்கு இதன் தம்பி முறை ஒன்று உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விழித்திருக்கலாம்" என்று அமைதியாக இருப்பது. மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் சொன்ன எதிர்மறை நோக்கம் என்ற உத்தி இது. தூங்க முயல்வது நின்றதும் தோற்றுவிடுவோமோ என்ற பயமும் நின்றுவிடுகிறது.

## போன்

சுருக்கமாகச் சொல்லலாம். ரீல்ஸ் பார்த்தால் கவலை மறக்கும் என்பது உண்மை. பார்க்கும் வரை மறக்கும். போனை வைத்ததும் அதே கவலை, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்கும். நீல ஒளியைக் குறை சொல்வது வழக்கம். என் கருத்தில் ஒளியைவிட மோசமானது, அடுத்தது அடுத்தது என்று முடிவே இல்லாமல் வருவது. மெல்லிய பாட்டோ, பழகிய குரலில் கதையோ கேட்டுத் தூங்குபவர்கள், திரையைக் கவிழ்த்து வைத்து, தானாக நிற்க நேரம் குறித்துவிட்டால் பெரிய தீங்கு இல்லை. செய்தி விவாதம் மட்டும் வேண்டாம்.

## மாத்திரையும் மதுவும்

மருத்துவர் எழுதிக் கொடுத்து, குறுகிய காலத்துக்கு, கண்காணிப்போடு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு மரணம், விபத்துக்குப் பின் வரும் முதல் சில நாட்கள் போன்ற நேரங்களில் மருந்துக்கு இடம் உண்டு. சிக்கல், "எனக்கு நல்லா வேலை செஞ்சுது, நீயும் போடு" என்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் மாத்திரைதான்.

பதற்றத்துக்குத் தரப்படும் அல்பிரசோலம் வகை மருந்துகள் அன்றிரவே படபடப்பைத் தணிக்கும். சில வாரங்களில் அதே அளவு போதாமல் போகலாம். நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். அதைப் பார்த்து, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. முதியவர்கள் இரவில் கழிவறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எடுத்தவர்கள் சிலர் தூக்கத்திலேயே நடந்ததும் வண்டி ஓட்டியதும் தெரிய வந்ததால், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019ல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. இந்தியாவில் இந்த இரண்டு மருந்துகளும் எச்1 அட்டவணையில் உள்ளவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அலர்ஜிக்கான அவில் போன்ற மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவது நம் ஊரில் பரவலான பழக்கம். மறுநாள் மந்தம், வாய் வறட்சி, சில நாட்களிலேயே குறைந்துவிடும் பலன். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். மெலடோனின் வேறு வகை. அது உடலின் கடிகாரத்துக்கு நேரம் சொல்வது. விமானப் பயணத்தில் நேரம் மாறியவர்களுக்கு உதவலாம். கவலையை அது தொடுவதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதலும் பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

மதுவைப் பற்றி ஒரே சேதி. ஒரு பெக் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கும். மாலையில் குடித்துவிட்டு மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மதுவோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

## முறையான நடத்தைச் சிகிச்சை

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல், அது மூன்று மாதமாவது நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அப்போது மேலே சொன்ன வழிகளைத் தனித்தனியாகச் செய்வதைவிட, ஒரு உளவியலாளரின் துணையோடு முறையாகச் செய்வதே மேல். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016ல், நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் மாத்திரைக்கு முன் தர வேண்டிய முதல் சிகிச்சை இது என்று அறிவித்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. வழக்கமாக நான்கிலிருந்து எட்டு அமர்வுகள். தூக்க நாட்குறிப்பு, எழுந்து போகும் முறை, தளர்வுப் பயிற்சி, தூக்கத்தைப் பற்றிய பயங்களைச் சோதித்துப் பார்ப்பது, படுக்கையில் இருக்கும் நேரத்தைத் தற்காலிகமாகக் குறைப்பது எல்லாம் இதில் அடக்கம்.

அந்தக் கடைசிப் பகுதிதான் கடினம். எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்குபவரை ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்கச் சொல்வார்கள். தூக்கம் கெட்டிப்பட்டதும் நேரத்தைக் கூட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் தாங்க ஆள் துணை வேண்டும்.

பயிற்சி பெற்றவர்கள் நம் ஊர்களில் குறைவு, தனியார் கட்டணம் எல்லாருக்கும் கட்டுபடியாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேட்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கத்து அரசு மனநல நிறுவனம் இருக்கிறது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

## எதிலிருந்து தொடங்குவது?

நாளைய வேலைகள் தலையில் நிற்கின்றன என்றால் மாலையில் எழுதுங்கள். உடல் படபடக்கிறது என்றால் பகலில் மூச்சையோ தசையையோ பழகுங்கள். பழைய பேச்சு ஓடுகிறது என்றால் காட்சி அல்லது ஜபம். படுக்கையைப் பார்த்தாலே பயம் என்றால் எழுந்து போவது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது: மாலை எழுத்து ஒன்று, இரவில் காட்சி ஒன்று, இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எழுந்துவிடுவது. வேறு எதையும் அதோடு சேர்க்காமல் இரண்டு வாரம்.

இவை எதையும் முயலாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டியவர்களும் உண்டு. பலத்த குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். உடல் மெலிந்து, கை நடுங்கி, எப்போதும் படபடப்பு என்றால் தைராய்டு பரிசோதனை வேண்டும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவமான தாய், குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாமல் தவித்தால் வீட்டார் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் இரவில் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 14416க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். அல்பிரசோலம், குளோனாசெபம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய், எத்தனை நாளாக, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, படிப்படியாகக் குறைக்க அட்டவணை கேளுங்கள். குறைக்கும் அந்த வாரங்களில்தான் மேலே சொன்ன பயிற்சிகள் மிக அதிகமாகத் தேவைப்படும். முதல் அளவைக் குறைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அவற்றைப் பழக ஆரம்பித்துவிடுங்கள்.